விழித்திருந்த குதிரை

அத்தியாயம் 9

சிறைச்சாலை வாசலில் காருக்குள் உட்கார்ந்துகொண்டு தூச்சோ ஸ்டீயரிங்கை விரலால் தட்டினான்.

"முக்கால் மணி நேரம், தலைவரே. அந்த மனுஷன் வாயிலேர்ந்து வந்தது ஒரே ஒரு கேள்வி. இவரை எங்க அத்தைக்குக் கட்டி வெச்சிருந்தா எங்க குடும்பமே நிம்மதியா இருந்திருக்கும்."

ஓர்னெல்லா இடது முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். "அந்தக் கேள்வியைத் திருப்பிச் சொல்லு."

"'பெர்லாவுக்கு இப்ப யாரு ரொட்டி குடுக்கறாங்க?' நாளைக்குக் காலைல நீதிபதி இவர் மேல கொலைக் கேஸ் எழுதப் போறாரு. இவரு என்னடான்னா குதிரைக்குப் பசிக்குதான்னு விசாரிக்கறாரு."

"குதிரைக்கு ரொட்டியா குடுப்பாங்க?"

"என்னைக் கேட்டா? குதிரைங்களோட எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. ஏழு வயசுல ஒண்ணு என் தொப்பியைத் தின்னுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் விலகிட்டோம்."

ஓர்னெல்லா சிரிக்கவில்லை. பத்தொன்பது வருஷம் போலீசில் இருந்து, முழங்கால் உடைந்ததும் வெளியே வந்து, சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தவள். சிரிக்க வேண்டிய இடத்தில் அவள் சிரித்தால் யோசிக்கவில்லை என்று அர்த்தம். தூச்சோ முன்பு ஹோட்டலில் பரிமாறிக்கொண்டிருந்தவன். ஒரு விருந்தாளியின் விக்கைப் பற்றி அந்த விருந்தாளியிடமே கருத்துச் சொன்னதால் வேலை போயிற்று. வாய்க்காகத் துரத்தப்பட்டவனை அந்த வாய்க்காகவே இவள் சேர்த்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். மரேம்மா மலைச் சரிவில் நேவியா என்பவள் குதிரை லாயம் வைத்திருக்கிறாள். ஞாயிறுதோறும் ஆறு பேரைக் குதிரையில் ஏற்றித் திராட்சைத் தோட்டங்கள் வழியாகக் கூட்டிப் போவாள். வழியில் மூன்று ஒயின் கிடங்குகளில் இறங்கி ருசி பார்க்கலாம், மூன்றாவதில் மத்தியானச் சாப்பாடு. பதினோரு நாள் முன்னால் சில ஹாலந்துக்காரர்களோடும் மனைவியோடும் அப்படிப் போன அல்வாரோ என்ற ஓய்வு பெற்ற இன்ஜினியர், இரண்டாவது கிடங்குக்கும் மூன்றாவதுக்கும் நடுவே சேணத்திலிருந்து சரிந்து, கல்சுவரில் தலை மோதிச் செத்துப்போனார். அவர் ரத்தத்தில் குதிரைக்குக் கொடுக்கிற மயக்க மருந்து இருந்தது.

மருந்து அலமாரியின் சாவி எப்போதும் தொங்குவது இலிரின் இடுப்பில். அல்பேனியாவிலிருந்து வந்து இருபத்தாறு வருஷமாக அந்த லாயத்தையே வீடாக வைத்திருக்கும், சவாரிக்கும் கூடப் போகும் ஆள். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அன்று காலை, கால் வைக்கிற அங்கவடியின் உயரம் சரியில்லை என்று அல்வாரோ கத்தியிருக்கிறார், "கடல் தாண்டி வந்தவனுக்குக் குதிரையைப் பத்தி என்ன தெரியும்?" என்று. இலிர் பதிலுக்கு, "நீங்க விழாம உக்காருங்க, அது போதும்" என்று சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் எல்லாரும் கேட்டார்கள். அவர் விழுந்த பிறகு அந்த வார்த்தைக்கு வேறு முகம் வந்துவிட்டது. இலிரைப் பிடித்து உள்ளே போட்டார்கள்.

ஓர்னெல்லாவை வேலைக்கு அமர்த்தியதே நேவியாதான். "எப்படியாவது என் ஆளை வெளில கொண்டு வாங்க. முதல்ல அந்தப் பொண்டாட்டியைப் பாருங்க. புருஷன் செத்த அன்னைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல" என்று சொல்லியிருந்தாள்.

"பொண்டாட்டியைப் பாக்கலாம், வண்டியை எடு" என்றாள் ஓர்னெல்லா.

*

அல்வாரோவின் மனைவி கோஸ்தான்ஸா தங்கியிருந்த வீட்டில் அவளோடு யாரும் பேசுவதில்லை. வீட்டுக்காரி காலைக் காப்பியை அறை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறாளாம்.

"கிட்ட வந்தா அவளுக்கும் விஷம் வெச்சுடுவேனோன்னு பயம் போல" என்றாள் கோஸ்தான்ஸா. நேராக உட்கார்ந்திருந்தாள். வடக்கே த்ரியெஸ்தே ஊர்க்காரி, பேச்சிலேயே கடற்கரைக் குளிர் இருந்தது. "நீங்களும் நான் அழறேனான்னு பாக்க வந்தீங்களா?"

"இல்லீங்க. அன்னைக்கு அவர் என்ன சாப்பிட்டார்னு கேக்க வந்தேன்."

"நான் சாப்பிட்டதையேதான். பாலாடைக்கட்டி, உப்பில்லாத உங்க ஊர் ரொட்டி, வெள்ளை ஒயின். போலீஸ்காரங்ககிட்ட நாலு தடவை சொல்லிட்டேன்."

தூச்சோ அதற்குள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டான். "சிஞோரா, உங்க ரூமுக்கு விருந்தாளிங்க வந்திருக்காங்க."

பால்கனிக் கதவின் அடியிலிருந்து ஓர் எறும்புச் சாரை. தரையைக் கடந்து, நாற்காலிக் காலில் ஏறி, அங்கே மாட்டியிருந்த ஆண்பிள்ளைக் கோட்டின் பைக்குள் போய் மறைந்தது.

"மூணு நாளா வருது" என்றாள் கோஸ்தான்ஸா. "அன்னைக்கு வெயிலா இருந்ததுன்னு கோட்டைக் கழட்டி சேணத்துக்குப் பின்னாடி கட்டியிருந்தார். அந்த நேவியா அப்படியே என்கிட்ட குடுத்தா. போலீஸ் கேக்கவே இல்ல. எனக்கும் தொட மனசு வரல."

"நான் தொடலாமா?"

அவள் தலையசைத்தாள். ஓர்னெல்லா பைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டையை இரண்டு விரலால் எடுத்தாள். நான்காக மடித்திருந்தது. நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு கறை, காய்ந்து முறுக்கேறியிருந்தது.

"ரத்தமா?" தூச்சோ ஓர் அடி பின்னால் போனான்.

ஓர்னெல்லா மோந்து பார்த்தாள். பிறகு நகத்தால் லேசாகச் சுரண்டி விரல்களுக்கு நடுவே உருட்டினாள். நறநறவென்றது. "சிவப்பு ஒயின். கூடவே சர்க்கரை."

"சர்க்கரையா?" கோஸ்தான்ஸாவின் முதுகு முதல் தடவையாக வளைந்தது. "அவருக்கு சர்க்கரை வியாதி. பன்னெண்டு வருஷமா காப்பில கூடப் போட மாட்டார். நான் விட மாட்டேன்."

"அதனாலதான் வாயை நல்லா துடைச்சிருக்கார்."

கோஸ்தான்ஸா கைக்குட்டையையே பார்த்தாள். "ரெண்டாவது இடத்துல கொஞ்ச நேரம் காணோம். மரத்தடில குதிரைங்க கட்டியிருந்த பக்கமா போயிருந்தார். திரும்பி வரும்போது கண்ணு கலங்கியிருந்துச்சு. என்னாச்சுன்னேன். 'ஒண்ணுமில்ல, அம்மா ஞாபகம் வந்துச்சு'ன்னார். எனக்குக் கோவம் வந்துடுச்சு. அன்னைக்கு எங்க கல்யாண நாள். 'இன்னைக்குமா உங்கம்மா?'ன்னு கேட்டேன். அதுதான் நான் அவர்கிட்ட கடைசியாப் பேசினது."

ஓர்னெல்லா கைக்குட்டையைக் காகிதத்தில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அவங்கம்மா எந்த ஊர்?" என்றாள் ஓர்னெல்லா.

"இந்த மலைக்குப் பின்பக்கம்தான். அவர் பொறந்ததும் அங்கதான். பதினேழு வயசுல தோரினோவுக்கு வேலைக்குப் போனவர். இங்க வந்தப்போ யார்கிட்டயும் சொல்லாதேன்னார். அம்மா சாவுக்கு வரலைன்னு ஊர்ல கேப்பாங்களாம். எல்லாரும் அவரைத் தோரினோக்காரர்னே நெனச்சாங்க."

*

இரண்டாவது கிடங்கு ஃபோஸ்காவுடையது. அறுபது வயது, உரல் மாதிரி உடம்பு, கையில் துடைக்கிற துணி.

"சிவப்பா? என் இடத்துலயா? மத்தியானத்துக்கு முன்னாடியா?" இடுப்பில் கை வைத்துவிட்டாள். "முதல் ரெண்டு இடத்துலயும் வெள்ளை மட்டும்தான். சிவப்பு மூணாவது இடத்துல, இறைச்சியோட. இதை மாத்தினா எங்கப்பா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துடுவாரு."

"வந்தா அவருக்கும் வெள்ளைதான் ஊத்துவீங்களா?" என்றான் தூச்சோ.

"உனக்கு வெறும் தண்ணிதான்."

ஓர்னெல்லா குறுக்கிட்டாள். "ஃபோஸ்கா, சிவப்பு ஒயின், சர்க்கரை. ரெண்டும் ஒண்ணா சேர்ந்தா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?"

ஃபோஸ்காவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "பழைய ரொட்டி ஞாபகம் வருது. காஞ்ச ரொட்டில சிவப்பு ஒயினை ஊத்தி, மேல சர்க்கரை தூவி... பள்ளிக்கூடம் விட்டு வந்தா எங்கம்மா அதைத்தான் குடுப்பா. இந்தப் பக்கத்துல வளந்தவங்க எல்லாரும் அதைத் தின்னுதான் வளந்தோம்."

"வந்தவங்களுக்கு அன்னைக்கு அதைக் குடுத்தீங்களா?"

"பைத்தியமா? அந்த ஹாலந்துக்காரங்க முன்னாடி ஊறின ரொட்டியை வெச்சா நாய்க்கு வெச்சதுன்னு நெனச்சு ஒதுங்கிப் போவாங்க. இப்ப அதை யாரும் மனுஷங்களுக்குக் குடுக்கறதில்ல. எங்க தாத்தா மேடு ஏறுறதுக்கு முன்னாடி வண்டிக் குதிரைக்குக் குடுப்பாரு. அதுங்களுக்கு உசிரு." சொல்லிவிட்டு எதையோ நினைத்துக்கொண்டவள் போல உள்ளே போனாள். நீல விளிம்பு போட்ட வெள்ளைப் பீங்கான் பூச்சுக் கிண்ணம் ஒன்றோடு வந்தாள். "நல்ல வேளை ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு அந்தக் கட்டைச் சுவர் மேல விட்டுட்டுப் போயிட்டாங்க. காலியாத்தான் இருந்துச்சு, ஒரே எறும்பு. கழுவி வெச்சேன். லாயத்துதுதான், நேவியாகிட்ட குடுத்துடுங்க."

கட்டைச் சுவர் குதிரைகள் கட்டும் மரத்தடியில் இருந்தது.

தூச்சோ அதற்குள் போனை எடுத்து லாயத்தின் இணையப் பக்கத்தைத் திறந்திருந்தான். கடைசி மேட்டில், பள்ளத்தாக்கு தெரிகிற இடத்தில் நிறுத்தி ஒவ்வொரு ஞாயிறும் ஒரு படம் எடுப்பார்கள். எல்லாப் படத்திலும் அதே வரிசை, அதே சிரிப்பு.

"இந்தக் கறுப்புதான் பெர்லா. 'குழந்தை மாதிரி சாது, முதல் தடவை ஏறுபவர்களுக்கு'ன்னு எழுதியிருக்கு. பாருங்க, ஜூலை: கீழுதடு தொங்குது. ஆகஸ்ட்: கண்ணு பாதி மூடியிருக்கு. செப்டம்பர்: நின்னுட்டே தூங்குது. இந்த மாதிரி குதிரைன்னா நான்கூட ஏறுவேன்."

"அந்த ஞாயித்துக்கிழமைப் படம்?"

"ஹாலந்துக்காரம்மா ஒருத்தங்க போட்டிருக்காங்க." பெரிதாக்கினான். விரல் அப்படியே நின்றது.

பெர்லாவின் காது இரண்டும் நட்டுக்கொண்டு நின்றன. கண்ணில் வெள்ளை தெரிந்தது. மேலே இருந்த பெண் பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் அல்வாரோ, தாடை மார்பில் படிந்திருக்க, கடிவாளம் கையிலிருந்து நழுவியிருந்தது.

"தலைவரே," என்றான் தூச்சோ மெதுவாக, "அன்னைக்குக் குதிரை முழிச்சிருக்கு. ஆள் தூங்கறாரு."

*

நேவியா வேலிக்கு அருகில் சேணத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். குதிரைகள் தூரத்தில், சரிவின் மறுகோடியில் மேய்ந்துகொண்டிருந்தன.

"பொண்டாட்டிதானே?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள். "நான் சொன்னேன்ல? இலிரை எப்ப விடுவாங்க?"

ஓர்னெல்லா பதில் சொல்லாமல் வேலிக் கட்டையில் நீல விளிம்புக் கிண்ணத்தை வைத்தாள். வழியில் வாங்கி வந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டாள். சிவப்பு ஒயினை ஊற்றினாள். தூச்சோ காகிதப் பொட்டலத்திலிருந்து சர்க்கரையைத் தூவினான். நேவியா கையில் எண்ணெய்த் துணியோடு அப்படியே நின்றாள்.

"உங்க குதிரைங்க இதைத் தின்னுமா?"

"ஒயினையா? கிட்டவே வராது."

ஓர்னெல்லா கரண்டியால் கிண்ணத்தின் விளிம்பை மூன்று தட்டுத் தட்டினாள்.

சரிவின் அந்தக் கோடியில் ஒரு கறுப்புத் தலை நிமிர்ந்தது. பிறகு பெர்லா ஓடி வந்தது. மற்ற ஏழும் தலையைத் தூக்கவில்லை. இது ஒன்று மட்டும் மூச்சிரைக்க வந்து, தூச்சோவை மார்பால் இடித்துத் தள்ளிவிட்டு, மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டது.

"கிட்டவே வராதுன்னாங்க, என் மேலேயே வந்துருச்சு" என்றான் தூச்சோ தரையிலிருந்து.

"எத்தனை மாசமா குடுக்கறீங்க?" என்றாள் ஓர்னெல்லா.

"என்னது?"

"மயக்க மருந்து. இந்த ரொட்டில."

"சாட்சி யாரு? இந்தக் குதிரையைக் கூண்டுல ஏத்தப் போறீங்களா?"

"அவர் வாயைத் துடைச்ச கைக்குட்டை என்கிட்ட இருக்கு. அதுல சர்க்கரை மட்டும்தான் இருக்கான்னு பாக்கறதுக்கு ஆள் இருக்காங்க."

நேவியா சேணத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பந்தயத்துல ஓடின குதிரை. மேடு வந்தா பாயப் பாக்கும்" என்றாள். "மருந்துக் குழாயை வாய்கிட்ட கொண்டு போனா கடிக்க வரும். ரொட்டின்னா கையிலேர்ந்தே தின்னும். ஏப்ரல்லேர்ந்து. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அன்னைக்கு ரொட்டி ஊறட்டும்னு சுவர்மேல வெச்சுட்டு ஹாலந்துக்காரங்களைப் பாக்கப் போனேன். திரும்பி வந்தா காலி. இலிர் முணுமுணுத்துக்கிட்டே குடுத்துட்டான்னு நெனச்சேன்."

"இலிர் நீங்க குடுத்துட்டீங்கன்னு நெனச்சிருப்பார்."

"ஒரு தோரினோக்காரன் குதிரை ரொட்டியைத் தின்னுவான்னு யாரு கண்டா? வெளியூர்க்காரன் எவனாவது அதைத் தொடுவானா?"

"அவர் வெளியூர்க்காரர் இல்ல. இந்த மலைக்குப் பின்னாடி பொறந்தவர். கிண்ணத்துல இருந்தது அவங்கம்மா குடுக்கிற பலகாரம். ஒரு துண்டு விடாம தின்னுட்டார்."

நேவியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எண்ணெய் முகமெல்லாம் அப்பியது.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்றாள் ஓர்னெல்லா.

"மேட்டுல பெர்லா துள்ளினப்போ. மருந்து அதுக்குள்ள போகலைன்னு புரிஞ்சுது. திரும்பிப் பாத்தேன், அவர் ஆடிட்டிருந்தார். ஒயின் ஏறிடுச்சுன்னுதான்..." நிறுத்தினாள். "இல்ல. தெரிஞ்சுது. தெரிஞ்சப்போ கீழ கிடந்தார்."

"அப்புறம் பதினோரு நாள்."

"நான் சொன்னா லாயத்தை இழுத்து மூடிடுவாங்க. என்னை ஜெயில்ல போட்டுடுவாங்க. இலிர்னா திருப்பி அனுப்பிடுவாங்க, அவ்வளவுதான்னு நெனச்சேன்."

"எங்க அனுப்புவாங்க?"

"அவன் ஊருக்கு."

"இருபத்தாறு வருஷமா அவர் ஊர் இந்த லாயம்தான்."

"அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்!" நேவியா கத்தினாள். "அந்தப் பொம்பளை மேல போயிடும், இவன் வெளில வந்துடுவான்னு. இவனைக் காப்பாத்தத்தான் கூப்பிட்டேன்!"

"புருஷனைப் பறிகொடுத்தவளை உள்ள தள்ளி." ஓர்னெல்லா காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

"அவனே சொல்லியிருக்கலாமே! அவனுக்குத் தெரியும். குடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சண்டை போட்டிருக்கான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னார். இன்னைக்குக் காலைல. பெர்லாவுக்கு இப்ப யாரு ரொட்டி குடுக்கறாங்கன்னு கேட்டார். எங்களுக்குத்தான் புரியல." ஓர்னெல்லா கார்க் கதவைத் திறந்து பிடித்தாள். "உங்க பேரை அவர் வாயால சொல்ல மனசு வரல. நீங்களே வந்து சொல்வீங்கன்னு உக்காந்திருக்கார். ஏறுங்க."

நேவியா ஏறவில்லை. தூச்சோவைப் பார்த்தாள், ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி இதைக் கலைத்துவிடுவான் என்பது போல. தூச்சோ சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, வண்டியைச் சுற்றிப்போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

*

மறுநாள் மத்தியானம் சிறைக் கதவு திறந்து இலிர் வெளியே வந்தார். ஒல்லியான, நீளமான மனுஷர். பிளாஸ்டிக் பையில் பெல்ட், கைக்கடிகாரம், லாயத்துச் சாவிக் கொத்து.

ஓர்னெல்லாவின் எதிரே வந்து நின்றார். நன்றி சொல்லவில்லை.

"அவங்களே வந்தாங்களா, இல்ல நீங்க கூட்டிட்டு வந்தீங்களா?"

தூச்சோ அவசரமாக வாயைத் திறந்தான். 'அவங்களேதான் வந்தாங்க' என்று பொய் சொல்லப் போகிறான் என்பது ஓர்னெல்லாவுக்குத் தெரியும். அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நான் கூட்டிட்டு வந்தேன்" என்றாள்.

இலிர் தலையை ஆட்டினார். பைக்குள் கை விட்டுச் சாவிக் கொத்தை எடுத்துத் தூச்சோவிடம் நீட்டினார். "இதை அவங்ககிட்ட குடுத்துடுங்க, தம்பி. நான் இனி அங்க போகப் போறதில்ல. குதிரைங்களுக்கு சாயங்காலம் தண்ணி வெக்கச் சொல்லுங்க."

"அவங்க உள்ள இருக்காங்கய்யா."

"அப்ப இன்னைக்குக் காலைல யாரு வெச்சது?"

யாரும் வைக்கவில்லை. யாருக்கும் தோன்றவே இல்லை.

இலிர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். சாவிக் கொத்து மறுபடி அவர் இடுப்புக்குப் போயிற்று. காரின் பின்கதவைத் தானே திறந்து ஏறி, நேற்று நேவியா உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"வேகமா ஓட்டுங்க. எட்டும் தாகமா நிக்கும்" என்றார். "தண்ணி வெச்சுட்டு நான் போயிடறேன்."

எங்கே என்று அவர்கள் கேட்கவில்லை.